எரிமலை வாயில் எழுந்தருளிய கங்கை

மாசி மாதத் தேய்பிறை நாள்கள். இந்துமாக்கடலின் நடுவே இருக்கும் மொரீஷியஸ் தீவில் அது கோடைக்காலம். கரும்புத் தோட்டங்களை ஊடறுத்துச் செல்லும் சாலைகளில் வெண்ணிற ஆடை அணிந்த ஆண்களும் பெண்களும் அணி அணியாக நடந்து செல்கின்றனர். பலர் வெறுங்காலுடன் நடக்கின்றனர். மூங்கிலால் கட்டி, வண்ணத் தாள்களாலும் சிறு கண்ணாடிகளாலும் மலர்களாலும் அலங்கரித்த காவடிகளை இளைஞர்கள் தோளில் தாங்கி வருகின்றனர். வழியெங்கும் இல்லத்தார் பந்தல் அமைத்துத் தண்ணீரும் பழச்சாறும் உணவும் அளித்து உபசரிக்கின்றனர். வடகோடியிலிருந்தும், கிழக்கிலிருந்தும், மேற்கிலிருந்தும் புறப்படும் இந்தப் பாதைகள் அனைத்தும் தெற்கே உள்ள ஒரு மேட்டுநிலத்தில் சென்று கூடுகின்றன. அங்கே, எப்போதோ தீயைக் கக்கி ஓய்ந்த ஓர் எரிமலையின் வாயில் தெளிந்த நீர் நிறைந்து கிடக்கிறது. அதுவே கங்கா தலாவ். ‘தலாவ்’ என்ற வடநாட்டுச் சொல்லுக்கு ஏரி, குளம் என்று பொருள். கங்கைக் குளம் என்று நாம் அழகுறச் சொல்லலாம்.

பாரத நாட்டுக்கு வெளியே இந்துக்கள் பெருந்திரளாகக் கூடும் சிவராத்திரி யாத்திரைகளுள் இதுவும் ஒன்று. கங்கை பாயாத தீவில், இந்தியாவிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில், ஓர் எரிமலை ஏரி எவ்வாறு கங்கையாயிற்று? அந்த வரலாற்றில் ஐதிகமும் உண்டு. ஒரு சமுதாயத்தின் கண்ணீரும் உண்டு.

நெருப்பின் வாயில் நீர்

மொரீஷியஸ் தீவே எரிமலையின் படைப்பு. ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியிலிருந்து பொங்கிய தீக்குழம்பு இறுகி உருவான நிலம் அது. நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் சுமார் 45 கிலோமீட்டர். எரிமலைகள் அடங்கி நெடுங்காலம் ஆகிவிட்டபோதிலும் அவற்றின் வாய்கள் இன்றும் கிண்ணம்போல் காட்சியளிக்கின்றன. கியூர்பிப் நகரின் அருகே உள்ள எரிமலை வாயைச் சுற்றுலாப் பயணிகள் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துச் செல்கின்றனர். கங்கா தலாவ் அமைந்திருப்பது அதற்கும் தெற்கே, சவான் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 அடி உயரத்தில்.

தீவிலேயே மழைவளம் மிக்க பகுதிகளுள் அதுவும் ஒன்று. கடற்கரையில் வெயில் கொளுத்தும் நாளிலும் மேட்டுநிலத்தில் குளிர்ந்த காற்று வீசும், மூடுபனி இறங்கும், முன்னறிவிப்பின்றித் தூறல் விழும். சுற்றிலும் பசுமையான குன்றுகள். சற்றுத் தொலைவில் தேயிலைத் தோட்டங்கள். நீரின் நடுவே மரங்கள் அடர்ந்த ஒரு சிறு திட்டு. காற்று ஓய்ந்த காலை வேளைகளில் குன்றும் கோபுரமும் வானமும் ஏரியில் தலைகீழாகத் தெரியும். நெருப்பு வெளிப்பட்ட இடத்திலேயே நீர் நிறைந்து நிற்பது காண்போர் உள்ளத்தில் வியப்பைத் தோற்றுவிக்கும். ஆலகாலத்தைக் கண்டத்திலும் கங்கையைச் சடையிலும் தாங்கிய பெருமானுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது என்றே சிவபக்தர்களுக்குத் தோன்றும்.

சிந்திய சில துளிகள்

இந்த ஏரியின் தோற்றம் பற்றி மொரீஷியஸ் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை சுவையானது.

ஒரு காலத்தில் சிவபெருமானும் பார்வதி தேவியும் மலர்களால் ஆன விமானத்தில் ஏறி உலகை வலம் வந்தனராம். வெள்ளத்தால் உலகம் அழியாதபடி கங்கையைத் தம் சடையில் தாங்கியிருந்தார் பெருமான். நீலக்கடலின் நடுவே முத்துப் போன்ற ஒரு தீவு தேவியின் கண்ணில் பட்டது. அதன் எழிலில் மனம் பறிகொடுத்த தேவி அங்கே இறங்க விரும்பினாள். பெருமானும் இசைந்தார். இறங்கும் வேளையில் சடையிலிருந்து கங்கையின் சில துளிகள் சிந்தின. அவை ஓர் எரிமலை வாயில் திரண்டு ஏரியாயின.

கங்கைக்கு அது மனக்குறையாக இருந்தது. “மனித நடமாட்டமே இல்லாத இத்தீவில் என் நீர் வீணாகக் கிடப்பதா?” என்று முறையிட்டாள். பெருமான் முறுவலித்து, “வருந்தாதே. உன் கரைகளில் வாழ்பவர்கள் ஒரு காலத்தில் இங்கே வந்து குடியேறுவர். ஆண்டுதோறும் இந்த நீரை முகந்து சென்று எனக்கு அபிஷேகம் செய்வர்” என்று அருளினாராம்.

கதை இவ்வளவே. ஆயினும் அதன் கடைசிப் பகுதியை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். கங்கைக் கரையிலிருந்து மக்கள் உண்மையிலேயே அந்தத் தீவுக்கு வந்தார்கள். அவர்கள் விரும்பி மேற்கொண்ட உல்லாசப் பயணமாக அது இருக்கவில்லை.

கருநீரைக் கடந்தவர்கள்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1835-ஆம் ஆண்டு மொரீஷியஸில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஆள்கள் தேவைப்பட்டனர். அதற்கென இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மக்களைக் கப்பலேற்றும் வழக்கம் 1834-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள் ‘அட்லஸ்’ என்னும் கப்பலில் 36 பேர் வந்து இறங்கினர். அதன்பின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வந்தவர்கள் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். பெரும்பாலோர் பீகார் முதலிய கங்கைச் சமவெளிப் பகுதிகளைச் சேர்ந்த போஜ்புரி மொழி பேசும் ஏழைக் குடியானவர்கள். தமிழகத்திலிருந்தும், தெலுங்கு, மராத்திப் பகுதிகளிலிருந்தும் சென்றவர்களும் பலர். போர்ட் லூயி துறைமுகத்தில் அவர்கள் ஏறிய கற்படிகள் ‘ஆப்ரவாசி காட்’ என்ற பெயரில் பாதுகாக்கப்படுகின்றன. 2006-ஆம் ஆண்டு யுனெஸ்கோ அந்த இடத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

அக்காலத்தில் கடல் கடந்து செல்வது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. கடலைக் ‘காலா பானி’, அதாவது கருநீர் என்றனர். அதைக் கடந்தவர் குலத்திலிருந்து விலக்கப்படுவர். கங்கையோடு அவருக்கு உள்ள தொடர்பும் அறுந்துபோகும் என்ற அச்சம் நிலவியது. பிறந்த குழந்தைக்கும், மணமக்களுக்கும், பிதுர் காரியங்களுக்கும், உயிர் பிரியும் வேளையில் நாவில் விடுவதற்கும் கங்கை நீரையே நம்பியிருந்தவர்களுக்கு அது எத்தகைய துயரமாக இருந்திருக்கும்! பகலெல்லாம் கரும்புக் கொல்லையில் உழைத்து இரவில் குடிசைக்குத் திரும்பிய அந்த மனிதர்கள், கூலி குறைவு என்பதற்காக மட்டும் வருந்தியிருக்க மாட்டார்கள். இறுதி மூச்சின்போது ஒரு துளி கங்கை நீர் கிடைக்காதே என்ற ஏக்கமும் அவர்களை வாட்டியிருக்கும்.

ஒரு பூசாரி கண்ட கனவு

இப்பின்னணியில்தான் 1897-ஆம் ஆண்டில் அந்தக் கனவு வந்தது. தீவின் வடபகுதியில் உள்ள திரியோலே கிராமத்தில் பூசாரியாக இருந்தவர் ஜும்மன் கிரி கோசாயின். தெற்கே மலைக்காட்டுக்குள் இருக்கும் ஏரியின் நீர் ஜாஹ்னவியிலிருந்து ஊற்றெடுத்து வருவதாக அவர் கனவு கண்டார். ஜாஹ்னவி என்பது கங்கையின் திருநாமங்களுள் ஒன்று. ஜஹ்னு முனிவரின் மகளாகக் கருதப்பட்டதால் வந்த பெயர்.

அந்நாளில் அந்த ஏரிக்கு வேறு பெயர்கள் வழங்கின. பிரெஞ்சு மொழியில் ‘கிராண்ட் பாசின்’, அதாவது பெரிய நீர்நிலை என்றனர். போஜ்புரி மக்கள் ‘பரீ தலாவ்’ என்றனர். பரீ என்றால் தேவகன்னிகை. நிலவொளி பொழியும் இரவுகளில் தேவகன்னியர் அங்கே இறங்கி வந்து நீராடி ஆடிப்பாடுவர் என்ற நம்பிக்கை இருந்தது. நம் ஊர்களில் நீர்நிலைகளின் ஓரத்தில் சப்தகன்னியரை வைத்து வழிபடும் மரபை அறிந்தவர்களுக்கு இதன் உட்பொருள் எளிதில் விளங்கும். தனித்த, தூய்மையான நீர்நிலையைக் கண்டால் அங்கே தெய்வம் உறைகிறது என்றே நம்மவர் மனம் எண்ணும்.

பூசாரி கண்ட கனவின் செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. மறு ஆண்டு, 1898-இல், பக்தர்கள் அந்த ஏரியைத் தேடி நடந்து சென்றனர். இன்றுள்ள அகன்ற சாலையோ விளக்குகளோ அன்று இல்லை. காட்டு வழியே சென்று ஏரி நீரை முகந்து, மீண்டும் நடந்தே ஊர் திரும்பி, மகா சிவராத்திரி இரவில் தங்கள் ஊர்ச் சிவலிங்கத்துக்கு அபிஷேகம் செய்தனர். பெருமான் கங்கைக்கு அளித்ததாகச் சொல்லப்படும் வாக்கு அவ்வாறு நிறைவேறியது.

கனவு முதலில் வந்ததா, கதை முதலில் பிறந்ததா என்று ஆராய்வோர் ஆராயட்டும். ‘எம்மைக் கங்கை கைவிடவில்லை; எமக்கு முன்பே இங்கு வந்து காத்திருந்தாள்’ என்ற உறுதியை அந்தக் கனவு அவர்களுக்கு அளித்தது. ஊரும் உறவும் இழந்து, நம்பிக்கை ஒன்றையே மூட்டையாகக் கட்டி வந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய அருள் வேறென்ன வேண்டும்?

திருவிசநல்லூரும் கங்கா தலாவும்

கங்கை தன் பக்தனைத் தேடி வருவாள் என்பது தமிழ்நாட்டு அன்பர்களுக்குப் புதிய செய்தி அன்று. கும்பகோணத்தை அடுத்த திருவிசநல்லூரில் வாழ்ந்த ஸ்ரீதர ஐயாவாளின் வரலாறு எல்லோரும் அறிந்ததே. தந்தையாரின் சிராத்த நாளில், சமூகம் ஒதுக்கி வைத்திருந்த ஒருவர் பசியோடு வந்து நிற்க, அவருக்கு ஐயாவாள் உணவளித்தார். அது குற்றம் என்றும், கங்கையில் நீராடி வந்தாலன்றித் தீட்டு நீங்காது என்றும் ஊரார் கூறினர். காசிக்குச் சென்று திரும்ப வழியில்லாத நிலையில் ஐயாவாள் மனமுருகிப் பாட, அவர் இல்லத்துக் கிணற்றிலேயே கங்கை பொங்கி எழுந்தாள் என்பது ஐதிகம். இன்றும் கார்த்திகை அமாவாசையன்று அந்தக் கிணற்று நீரில் அன்பர்கள் நீராடுகின்றனர்.

‘நீ கங்கையிடம் செல், சென்றாலன்றித் தூய்மை இல்லை’ என்று ஊர் சொன்னது. செல்ல முடியாதவரிடம் கங்கையே வந்தாள். கருநீரைக் கடந்ததால் கங்கையை இழந்துவிட்டதாக எண்ணப்பட்ட கூலித் தொழிலாளரிடமும் அவள் அவ்வாறே வந்தாள். நாள்தோறும் நீராடும்போது கங்கை, யமுனை, காவிரி முதலிய ஏழு நதிகளையும் நம் வீட்டுச் செம்பு நீரில் எழுந்தருளுமாறு வேண்டிக்கொள்கிறோம் அல்லவா? அந்தப் பிரார்த்தனையையே ஒரு தீவு மக்கள் ஓர் ஏரியைப் பார்த்துச் செய்தனர்.

ஏரிக்கு வந்த கங்கை நீர்

மொரீஷியஸ் 1968-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் விடுதலை பெற்றது. கூலிகளாக வந்தவர்களின் பேரன்மார் நாட்டை ஆளும் நிலைக்கு உயர்ந்தனர். 1972-ஆம் ஆண்டு, இந்தியாவிலிருந்து கங்கை நீர் கொண்டுவரப்பட்டு ஏரியில் கலக்கப்பட்டது. அன்று முதல் ‘கங்கா தலாவ்’ என்ற பெயர் நிலைபெற்றது. 1998-இல் அது புனித ஏரியாக அறிவிக்கப்பட்டது.

ஏரிக்கரையில் உள்ள சிவாலயத்தை மொரீஷியஸ் பக்தர்கள் பதின்மூன்றாவது ஜோதிர்லிங்கத் தலம் என்று போற்றுகின்றனர். விநாயகர், அம்பிகை, கங்கா மாதா முதலிய தெய்வங்களின் சந்நிதிகளும் கரையைச் சூழ்ந்துள்ளன. அருகிலுள்ள குன்றின்மேல் அனுமன் கோயில் கொண்டிருக்கிறார். ஏரிக்கு வரும் வழியில், கையில் திரிசூலம் ஏந்தி நிற்கும் 108 அடி உயர மங்கள மகாதேவர் சிலை தொலைவிலிருந்தே தரிசனம் தருகிறது. 2007-இல் நிறுவப்பட்ட அச்சிலை, குஜராத்தின் வதோதரா நகரில் சுர்சாகர் ஏரியின் நடுவே நிற்கும் சிவன் சிலையை ஒட்டி அமைந்தது. அதற்கு இணையாக 108 அடி உயரத்தில் சிங்கத்தோடு கூடிய துர்க்கை அம்மன் சிலை 2017-இல் எழுந்தது.

தமிழர்களின் பங்கும் இத்தீவில் சிறியதன்று. ஒப்பந்தக் கூலி முறை தோன்றுவதற்கு ஏறத்தாழ 100 ஆண்டுகள் முன்னரே, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே சென்று கட்டடங்கள் எழுப்பினர். இன்றும் மொரீஷியஸ் ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்தைக் காணலாம். தைப்பூசக் காவடித் திருநாள் அங்கே அரசு விடுமுறை நாள். மகா சிவராத்திரியும் அவ்வாறே. தமிழரின் பால் காவடி முருகனுக்கு. வடநாட்டாரின் நீர்க் காவடி சிவனுக்கு. தோளில் ஒரு கழி, அதன் இருபுறமும் அன்பின் சுமை என்ற அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே. தந்தைக்கும் மகனுக்கும் சில வார இடைவெளியில் அத்தீவு காவடி எடுக்கிறது.

காவடி பெரிதா, குடம் பெரிதா?

பக்தி வளரும்போது ஆரவாரமும் உடன் வளர்வது இயல்பு. தோளில் சுமக்கத்தக்க சிறிய மூங்கில் காவடிகள் நாளடைவில் சக்கரங்கள் மீது ஊர்ந்து வரும் பெரிய அலங்கார வண்டிகளாகவும் உருமாறின. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம், யாத்திரை வழியில் அத்தகைய ஒரு வண்டி மின்கம்பியில் பட்டுத் தீப்பற்றியதில் பக்தர்கள் 6 பேர் உயிர் நீத்தனர். பெருமானுக்கு நீர் கொண்டுவரச் சென்றவர்களின் வீடுகளில் அந்தச் சிவராத்திரி அழுகுரலில் கழிந்தது. காவடியின் உயரத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்ற குரல் அதன்பின் வலுத்தது.

1898-இல் காட்டு வழியே நடந்தவர்கள் கொண்டு சென்றவை ஒரு குடமும் ஒரு வேண்டுதலுமே. பெருமான் கங்கைக்கு அளித்த வாக்கிலும் காவடியின் அளவு பற்றிய பேச்சே இல்லை. நீரை முகந்து சென்று அபிஷேகம் செய்வர் என்பது மட்டுமே உண்டு. இது மொரீஷியஸுக்கு மட்டுமே உரிய பாடம் அன்று. தேர்களும் பல்லக்குகளும் அலங்கார ஊர்திகளும் மின்கம்பிகளின் அடியில் செல்லும் எல்லா ஊர்களுக்கும் இது பொருந்தும். விழாவுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லும் கடமை வீட்டிலுள்ள பெரியோருக்கு உண்டு.

தரிசனத்துக்குச் செல்வோர் கவனத்துக்கு

சிவராத்திரியை ஒட்டிய நாள்களில் கங்கா தலாவில் பல லட்சம் மக்கள் கூடுவர். கூட்ட நெரிசலைத் தாங்க இயலாத முதியோர் ஆண்டின் பிற நாள்களில் செல்வதே நலம். மே முதல் நவம்பர் வரை அத்தீவில் வெப்பம் குறைவு. அக்காலத்தில் மேட்டுநிலத்தில் குளிர் மிகுதியாக இருக்கும் என்பதால் கம்பளிச் சட்டையும் குடையும் உடன் இருக்க வேண்டும். ஏரிக்கரை வரை நல்ல சாலை உண்டு. வாகனம் அருகிலேயே நிற்கும்.

காலணிகளைக் கழற்றிவிட்டுப் படித்துறையில் இறங்கும்போது எச்சரிக்கை தேவை. தூறலில் கற்கள் வழுக்கும். அனுமன் குன்றுக்குப் படியேற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழிருந்தே வணங்கலாம். ஏரியில் மீன்களும் விலாங்குகளும் கரையோரம் வந்து நிற்கும். மரங்களில் குரங்குகள் உண்டு என்பதால் பிரசாதப் பையை மறைத்து எடுத்துச் செல்வது நல்லது. பூமாலைகளையும் பிளாஸ்டிக் பைகளையும் நீரில் விடாதிருப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியே.

அங்கே செல்ல வாய்ப்பில்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. காசிக்குப் போக முடியவில்லையே, கங்கையில் நீராடாமலே காலம் போய்விடுமோ என்று ஏங்கும் முதியோர் நம் இல்லங்களில் பலர் இருக்கின்றனர். அவர்களுக்கும் கங்கா தலாவ் ஆறுதல் சொல்கிறது. கரும்புக் கொல்லையில் உழைத்த ஏழைகளால் கங்கைக்குத் திரும்ப முடியவில்லை. அதனால் கங்கை அவர்களிடம் குறை காணவில்லை. வரும் சிவராத்திரி இரவில், வீட்டுக் கிணற்று நீரோ குழாய் நீரோ ஒரு செம்பில் எடுத்துக் கங்கையை நினைத்து, அருகிலுள்ள சிவாலயத்து அபிஷேகத்துக்குக் கொடுங்கள். கடல் கடந்து ஓர் எரிமலை வாயில் எழுந்தருளியவள் அந்தச் செம்பிலும் எழுந்தருள்வாள்.